ஒரே பாடப்புத்தகம்

1954ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களுக்குள் அமெரிக்காவில் மூன்று சம்பவங்கள் நடந்தன. ஒன்றில் இருந்தவர்களுக்கு மற்ற இரண்டைப் பற்றிக் கவலைப்பட எந்தக் காரணமும் இல்லை.

ஜனவரி 7 அன்று நியூயார்க்கில் ஐபிஎம் நிறுவனமும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, ஒரு கணினியை ரஷ்ய வாக்கியங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வைத்துக் காட்டினார்கள். மொத்தம் 250 சொற்கள், 6 இலக்கண விதிகள், அறுபதுக்குச் சற்று மேற்பட்ட வாக்கியங்கள். அவ்வளவுதான். ஆனால் இன்னும் சில வருடங்களில் இந்த வேலை முடிந்துவிடும் என்று அன்றைக்கே நம்பிக்கையோடு பேசினார்கள்.

மார்ச் மாதம் பிட்ஸ்பர்க்கில், உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் தான் செய்த 'கற்பிக்கும் எந்திரத்தை' ஒரு கருத்தரங்கில் காட்டினார். முந்தைய வருடம் தன் மகளின் கணக்கு வகுப்பில் பெற்றோராகப் போய் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு இரண்டு விஷயங்கள் உறுத்தின. போட்ட கணக்கு சரியா தப்பா என்று பிள்ளைக்கு உடனே தெரிவதில்லை. வகுப்பு மொத்தமும் ஒரே வேகத்தில் நகர வேண்டியிருக்கிறது. அவருடைய பெட்டி இரண்டுக்கும் பதில் சொன்னது. விடை சரியாக இருந்தால்தான் அடுத்த கணக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் வேகம்.

மே 17 அன்று உச்ச நீதிமன்றம் 'பிரவுன்' வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளியில் வைத்துவிட்டு, வசதியெல்லாம் சமமாகத்தானே இருக்கிறது என்று இனி யாரும் சொல்ல முடியாது. பிரித்து வைப்பதே சமமின்மை.

மொழிபெயர்க்கும் எந்திரம், கற்பிக்கும் எந்திரம், சமமான கல்வி என்ற சட்ட உரிமை. பல மொழிக் குழந்தைகள் படிக்கும் வகுப்பறைக்கு என்று இன்று விற்கப்படும் ஏஐ கருவிகள் எல்லாமே இந்த மூன்றும் கூடுகிற இடத்தில் நிற்கின்றன. முதல் இரண்டையும் பற்றிக் கருவி செய்பவர்கள் நிறையவே பேசுகிறார்கள். நானும் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் அந்தப் பேச்சு எனக்குப் பழக்கம். மூன்றாவதைப் பற்றித்தான் பேச்சே இல்லை. ஆனால் பல மொழி வகுப்பறைக்கு என்ன தேவை என்ற கேள்வியை உண்மையில் நேருக்கு நேர் சந்தித்தது அந்த மூன்றாவது கதைதான்.

*

அந்தக் கதை சான் ஃபிரான்சிஸ்கோவில் நடக்கிறது. கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

1884இல் மேமி டேப் என்ற எட்டு வயது சீன வம்சாவளிப் பெண்ணை அந்த ஊர்ப் பள்ளி சேர்த்துக்கொள்ள மறுத்தது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1885இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உடனே மாநில சட்டமன்றம் என்ன செய்தது? சீனக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி வைக்கலாம் என்று சட்டத்தைத் திருத்திவிட்டது. வழக்கில் ஜெயித்த மேமி, சீனர்களுக்கென்றே திறந்த பள்ளிக்குத்தான் போனாள்.

கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் கழித்து, 1971இல், பிரவுன் தீர்ப்பின் வழியில் வந்த நீதிமன்ற ஆணைப்படி சான் ஃபிரான்சிஸ்கோ பள்ளிகள் ஒருங்கிணைக்கப்பட்டன. எல்லோருக்கும் ஒரே பள்ளி. சரி, பிரச்சினை தீர்ந்தது என்றுதானே நினைப்போம்? அப்போது அந்தப் பள்ளி மாவட்டத்தில் ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளி மாணவர்கள் 2,856 பேர் இருந்தார்கள். சுமார் 1,000 பேருக்கு ஆங்கிலம் கற்க ஏதோ ஒரு கூடுதல் வகுப்பு கிடைத்தது. சுமார் 1,800 பேருக்கு ஒன்றுமே இல்லை. மற்ற பிள்ளைகளுக்கு நடுவே அதே பெஞ்சில் உட்கார்ந்து, அதே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, புரியாத ஒலியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

கின்னி கின்மன் லாவ் என்ற சிறுவனின் பெயரில் வழக்கு தொடரப்பட்டது. எட்வர்ட் ஸ்டைன்மன் என்ற இளம் வழக்கறிஞர் நடத்தினார். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. ஒவ்வொரு மாணவனும் அவனவன் பின்னணியிலிருந்து சில வசதிகளையும் சில குறைகளையும் கொண்டுதான் வருகிறான், அவற்றைப் பள்ளி உண்டாக்கவில்லை என்பது அவர்கள் வாதம். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். நம்மூரில் ஆங்கில வழிக் கல்வி பற்றிய விவாதங்களிலும் இதே குரலைக் கேட்டிருப்போம்.

1974 ஜனவரி 21 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இதை மறுத்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வில்லியம் டக்ளஸ். ஒரே கட்டடம், ஒரே பாடப்புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் கொடுத்துவிட்டால் அது சமம் ஆகிவிடாது என்றார். ஆங்கிலம் புரியாத குழந்தைக்கு அந்தக் கல்வியின் கதவு மூடியே இருக்கிறது. இதிலுள்ள முரணையும் தீர்ப்பு எடுத்துக்காட்டியது: பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும் என்று மாநிலம் கட்டாயப்படுத்துகிறது, ஆங்கிலத் தேர்ச்சி இல்லாவிட்டால் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இல்லை என்கிறது, ஆனால் அந்த ஆங்கிலத்தை மட்டும் சொல்லித்தரவில்லை.

பிரித்து வைப்பது சமமில்லை என்றது 1954. ஒரே மாதிரி நடத்துவதும் சமமில்லை என்றது 1974. மேமி டேப்பின் ஊரில் இரண்டும் நடந்து முடிந்திருந்தன.

ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆங்கிலம் சொல்லித்தரலாம், சீன மொழியிலேயே பாடம் நடத்தலாம், வேறு வழிகளும் இருக்கலாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பள்ளி நிர்வாகத்திடம் விட்டுவிட்டது. அந்தக் காலியிடத்தை எதை வைத்து நிரப்புவது என்பதுதான் அடுத்த ஐம்பது வருடத்துச் சண்டை.

*

இதே வருடங்களில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தெற்கே இன்னொரு பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் சப்பீஸும் ரிச்சர்ட் அட்கின்சனும் 1966இல் கிழக்கு பாலோ ஆல்டோவின் பிரெண்ட்வுட் பள்ளியில் ஐபிஎம் 1500 கணினியை நிறுவினார்கள். திரை, அதைத் தொட ஒளிப்பேனா, காதில் ஒலி. முதல் வகுப்புக் குழந்தைகள் அதில் கணக்கும் வாசிப்பும் படித்தார்கள். பள்ளிக் குழந்தைகள் தினமும் கணினி முன் உட்கார்ந்து பாடம் படித்த முதல் சில இடங்களில் அது ஒன்று.

அந்த வருடம் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் சப்பீஸ் ஒரு கட்டுரை எழுதினார். மாசிடோனியாவின் பிலிப் தன் மகன் அலெக்சாண்டருக்கு அரிஸ்டாட்டிலை ஆசிரியராக அமர்த்தினார், இன்னும் சில ஆண்டுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளுக்குக் கணினி அப்படி ஒரு தனி ஆசிரியரைத் தரும் என்பது அதிலிருந்த கணிப்பு. இன்றைய ஏஐ நிறுவனங்களின் விளம்பரத்தில் இதே வாக்குறுதி, சில சமயம் இதே அரிஸ்டாட்டிலோடு வருகிறது. அரிஸ்டாட்டிலும் அலெக்சாண்டரும் ஒருவரோடொருவர் பேச ஒரு பொது மொழி இருந்தது என்பதை யாரும் குறிப்பிடுவதில்லை. அது இல்லாத குழந்தைகள் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தார்கள்.

மொழிபெயர்ப்பு எந்திரமாவது அவர்களுக்கு உதவியிருக்குமா என்றால், அதுவும் இல்லை. அதே 1966இல் ஆல்பாக் என்ற அரசுக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. எந்திர மொழிபெயர்ப்பு மனித மொழிபெயர்ப்பைவிட மெதுவானது, பிழை அதிகம், செலவும் அதிகம் என்றது. அமெரிக்காவில் அந்தத் துறைக்கான அரசுப் பணம் ஏறக்குறைய வற்றியது. ஆக, 1974இல் தீர்ப்பு வந்தபோது கையிலிருந்த ஒரே கருவி, இரண்டு மொழி தெரிந்த ஆசிரியர்.

அந்த ஆசிரியருக்கு என்ன ஆயிற்று? 1976இல் சான் ஃபிரான்சிஸ்கோ இருமொழிக் கல்வித் திட்டத்துக்கு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. மற்ற ஊர்களிலும் வகுப்புகள் தொடங்கின. பிறகு அரசியல் திரும்பியது. 1998இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் 'முன்மொழிவு 227'ஐ நிறைவேற்றினார்கள். ஆங்கிலம் தெரியாத குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு வருடம் தனி ஆங்கிலப் பயிற்சி, பிறகு பொது வகுப்பு. இருமொழி வகுப்புகள் வேகமாகக் குறைந்தன. அதற்கான ஆசிரியர் பயிற்சியும் சுருங்கியது. 2016இல் அதே வாக்காளர்கள் 'முன்மொழிவு 58' வழியாக அந்தத் தடையை நீக்கினார்கள், 70 சதவீதத்துக்கு மேல் ஆதரவோடு. ஆனால் பதினெட்டு வருடம் ஆசிரியர்களை வளர்க்காமல் விட்டுவிட்டு, ஒரு தேர்தலில் திரும்பக் கொண்டுவந்துவிட முடியுமா? ஆள் இல்லை. கலிஃபோர்னியாவில் மட்டும் ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்கள் சுமார் பத்து லட்சம். அந்த ஆள் இல்லாத நாற்காலியில்தான் ஏஐ வந்து உட்காருகிறது.

*

வந்திருக்கும் கருவி சாதாரணமானது அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். 1954இன் 250 சொற்களை நினைத்துக்கொண்டு இன்றைய மொழி மாதிரிகளைப் பார்த்தால் பிரமிப்புதான். ஏழாம் வகுப்பு அறிவியல் பாடத்தை ஸ்பானிஷில் கொடு, அதையே நான்காம் வகுப்பு ஆங்கிலத்தில் சுருக்கு, பத்து அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுது என்றால் ஆசிரியர் காபி குடித்து முடிப்பதற்குள் வந்துவிடும். முப்பது பிள்ளைகளும் ஆறு மொழிகளும் உள்ள வகுப்பில் இது பெரிய உதவி. ராத்திரி பதினோரு மணி வரை தாள் தயாரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் பழைய கதை தெரிகிறது. மொழி மாதிரிகள் எழுத்தை அப்படியே படிப்பதில்லை. 'டோக்கன்' என்ற துண்டுகளாக வெட்டித்தான் படிக்கின்றன. எதை முழுத் துண்டாக வைப்பது என்பது எது அடிக்கடி வருகிறது என்பதைப் பொறுத்தது. ஜிபிடி-3க்குக் கொடுத்த பாடத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஆங்கிலம். 'ஸ்கூல்' என்ற ஆங்கிலச் சொல் அதற்கு ஒரே துண்டு. தமிழின் 'பள்ளி' கணினிக்குள் 15 பைட்டுகள், அது சில்லு சில்லாக உடையும். பிந்தைய மாதிரிகளில் இது நிறையவே சரியாகியிருக்கிறது, ஆனால் சரிவு இன்னும் ஆங்கிலப் பக்கம்தான்.

பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 2022இல் வந்த 'விஸ்பர்' 6,80,000 மணி நேர ஒலியில் பயின்றது. அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். முதல் 30 வினாடியைக் கேட்டு இது இன்ன மொழி என்று முடிவு கட்டிக்கொள்வது அதன் இயல்பான வழக்கம். வகுப்பறைக் குழந்தையோ ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழி பேசும். சான் ஃபிரான்சிஸ்கோவின் சீனக் குழந்தைகள் பலர் பேசியது கான்டனீஸ். 'சீன மொழி' என்ற ஒரே கட்டத்தில் டிக் அடித்தால் கருவி பெரும்பாலும் மாண்டரினைத்தான் எடுத்துக்கொள்ளும். எதிர்க்கரையில் ஓக்லாந்தில், குவாத்தமாலாவிலிருந்து வந்த பல குடும்பங்கள் வீட்டில் பேசுவது மாம் என்ற மாயன் மொழி. அந்தக் குழந்தைக்குக் கருவி ஸ்பானிஷில் பாடம் கொடுத்தால், ஒரு அந்நிய மொழிக்குப் பதில் இன்னொன்று. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஒரு கட்டுரை ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஏழு மென்பொருட்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை எந்திரம் எழுதியவை என்று முத்திரை குத்தப்பட்டன. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளில் அந்தத் தவறு ஏறக்குறைய இல்லை. எளிய சொற்கள், பழகிய வாக்கிய அமைப்பு: இதுதான் குற்றம். புது மொழியில் தட்டுத்தடுமாறி எழுதுகிறவன் வேறு எப்படி எழுதுவான்?

*

இவையெல்லாம் நாளைக்கே சரிசெய்யக்கூடிய பிழைகள் என்று என் துறை நண்பர்கள் சொல்வார்கள். பலவும் சரியாகத்தான் செய்யும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது திசை. ஸ்கின்னரின் பெட்டி முதல் இன்றைய செயலி வரை, பாடம் ஒரே பக்கம்தான் போகிறது: பெரியவரிடமிருந்து குழந்தைக்கு. ஆசிரியர் சொல்வதைக் குழந்தைக்கு மொழிபெயர்க்கிறோம். குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஆசிரியருக்கு யார் மொழிபெயர்ப்பது?

ஒரு எளிய உதாரணம். ஸ்பானிஷில் 'பில்லோன்' என்றால் ஆங்கிலப் பில்லியன் அல்ல, லட்சம் கோடி. சீனத்தில் எண்கள் பத்தாயிரம் பத்தாயிரமாக அடுக்கப்படும், ஒரு லட்சம் என்பது அங்கே 'பத்துப் பத்தாயிரம்'. நமக்கு இது புரியும். சென்னையில் மூன்று வகுப்பு படித்துவிட்டு அமெரிக்கா போன பிள்ளை 1,00,000 என்று காற்புள்ளி வைக்கும், ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். தென் அமெரிக்காவின் சில நாடுகளில் வகுத்தல் கணக்கின் வடிவமே வேறு, கழித்தலை மனதில் போட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதுவார்கள். அமெரிக்க ஆசிரியருக்கு அது படிகளை விட்டுவிட்ட தாள். மூன்று குழந்தைகளுக்கும் கணக்கு தெரியும். மூவரும் 'பின்தங்கியவர்' பட்டியலில் சேருகிறார்கள்.

இங்கே ஒரு கருவி ஆசிரியரிடம், 'இந்தப் பிள்ளை படித்த ஊரில் இப்படித்தான் எழுதுவார்கள், விடையைப் பாருங்கள், வழி சரி' என்று சொன்னால் அதுவே பெரிய விஷயம். வேல்ஸில் சென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு வகுப்பறைப் பழக்கத்தை விவரித்து, 1994இல் அதற்குப் பெயரும் வைத்தார்: ஒரு மொழியில் படித்து இன்னொரு மொழியில் எழுதுவது. பிறகு ஒஃபேலியா கார்சியா அமெரிக்காவில் அதை விரிவாக்கினார். குழந்தையின் இரண்டு மொழிகளும் ஒரே தலைக்குள் ஒன்றாக வேலை செய்கின்றன, ஒன்றை வாசலில் கழற்றிவிட்டு வரச் சொல்லாதீர்கள் என்பது சாரம். மாம் மொழியும் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலந்து குழந்தை எழுதியதைப் பிழையாகத் திருத்தாமல், அதற்குள் இருக்கும் யோசனையை எடுத்து ஆசிரியர் கையில் கொடுப்பதுதான் கருவிக்கு நிஜமான சவால். குழந்தைக்கு முன்னால் இன்னொரு திரை வைப்பதைவிட அது கஷ்டம். விற்பதும் கஷ்டம்.

*

சோதிப்பது எப்படி? இதற்கும் வரலாற்றில் ஒரு அளவுகோல் இருக்கிறது. டெக்சாஸின் ரேமண்ட்வில் பள்ளி மாவட்டத்துக்கு எதிராக காஸ்டனேடா குடும்பம் தொடர்ந்த வழக்கில் 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று கேள்விகளைத் தந்தது. உங்கள் திட்டத்துக்குப் பின்னால் நம்பத்தகுந்த கல்விக் கோட்பாடு இருக்கிறதா? அதை நடத்தப் போதுமான ஆளும் வசதியும் கொடுத்தீர்களா? சில காலம் கழித்துக் குழந்தைகள் மொழித் தடையைத் தாண்டினார்களா என்று பார்த்தீர்களா, தாண்டவில்லை என்றால் மாற்றினீர்களா? நான் வேலையில் படித்த எத்தனையோ தேவை ஆவணங்களைவிட இந்த மூன்று வரிகள் தெளிவு. இன்றைய ஏஐ கருவிகள் பலவும் முதல் கேள்வியில் 'தனிப்பயன் கற்றல்' என்று ஏதோ சொல்லித் தப்பிக்கும். இரண்டாவதில், போதுமான ஆளுக்குப் பதிலாகத்தான் அவை வாங்கப்படுகின்றன. மூன்றாவதில், குழந்தை எத்தனை நிமிடம் திரையைப் பார்த்தது என்று கணக்குக் காட்டுவார்கள்.

பயம் இங்கேதான். சட்டத்தின் பிடி தளர்ந்துகொண்டே வருகிறது. 2001இல் 'சாண்டோவல்' வழக்கில் உச்ச நீதிமன்றம், பாகுபாடு காட்டும் நோக்கம் இல்லாமல் விளைவு மட்டும் பாகுபாடாக இருந்தால், லாவ் தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்த சட்டத்தின்கீழ் தனிநபர் வழக்குப் போட முடியாது என்றது. 2025 ஏப்ரலில் பள்ளிகளில் ஏஐயை வளர்க்க அதிபரின் ஆணை வந்தது. அதே ஆகஸ்டில், ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்குப் பள்ளிகள் என்ன கடமைப்பட்டிருக்கின்றன என்று 2015இல் எழுதிய வழிகாட்டுதலைக் கல்வித் துறை விலக்கிக்கொண்டது. யாரும் திட்டமிட்டு இரண்டையும் கோத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செலவைக் குறைக்கத் துடிக்கும் ஒரு நிர்வாகிக்கு இரண்டும் சேர்ந்து என்ன சொல்லும்? ஆளுக்கொரு கருவி கொடுத்துவிட்டோம், நூறு மொழி பேசும், இதற்கு மேல் என்ன வேண்டும்?

1971இல் சொன்னதும் இதுதான். ஆளுக்கொரு புத்தகம் கொடுத்துவிட்டோம். அன்றைக்கு அந்தப் பதில் மூன்று வருடம்தான் தாங்கியது, காரணம் அந்த 1,800 குழந்தைகளுக்குப் புத்தகம் புரியவில்லை என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. இன்றைய திரை குழந்தையின் மொழியில் பேசுகிறது. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நடப்பது போலவே இருக்கும். குழந்தை தலையாட்டும், பச்சை டிக் விழும். உள்ளே ஒன்றும் போகவில்லை என்றால் அதைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

எனவே பள்ளிகளுக்குக் கருவி விற்க வருகிறவர்களிடம் கேட்க என்னிடம் ஒரே கேள்விதான் இருக்கிறது. இதை ஒரு மாதம் பயன்படுத்திய பிறகு, தன் வகுப்பில் இருக்கும் மாம் பேசும் குழந்தையைப் பற்றி ஆசிரியருக்கு முன்பு தெரியாத எது தெரியவந்திருக்கும்? இதற்குப் பதில் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் அது புதுப் பளபளப்போடு வந்திருக்கும் அதே பாடப்புத்தகம், அந்தப் பணத்தில் இரண்டு மொழி தெரிந்த ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.